தெற்கு ஆஸ்திரேலியக் கோதுமை: ஒரு மி.மீ. மழைக்கு 6.7 கிலோதானா?

330 மி.மீ. பருவ மழையில் ஹெக்டேருக்கு 2,200 கிலோ கோதுமை, மி.மீ.க்கு 6.7 கிலோதான் வருகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். விளைச்சலைப் பருவ மழை முழுவதாலும் வகுத்திருக்கிறீர்கள், அதனால்தான் 6.7. ஃபிரெஞ்ச், ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1984இல் சொன்ன, பயிர் எடுக்கும் ஒரு மி.மீ. நீருக்கு 20 கிலோ என்ற அளவோடு ஒப்பிட, உங்கள் 330 மி.மீ.யில் மண்ணிலிருந்து ஆவியாகிற 110ஐ முதலில் கழியுங்கள். ஹெக்டேருக்கு 2,200 கிலோ விளைச்சலை 220ஆல் வகுத்தால் 10 வரும்.

அந்த 20 உச்சவரம்பு. இருந்தாலும் பாதி குறைவு. எனக்குத் தாமத விதைப்பின் மேல்தான் சந்தேகம்: ஜூன், ஜூலை மழை வெறும் மண்ணில் விழுந்து ஆவியாகியிருக்கும், மணி பிடிக்கும்போது வெயில் வந்திருக்கும். விதைத்த தேதியைப் பாருங்கள்; ஜூலைக் கடைசியில் வரிசைகளுக்கு நடுவே மண் தெரிந்ததா?

அப்புறம், 110 எல்லா மண்ணுக்கும் பொருந்தாது, மணற்பாங்கான நிலத்தில் குறையும். கோடை மழை ஈரம் மண்ணில் தங்கியிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.