உங்கள் படக்கதையில் (காமிக்ஸில்) பையன் பருந்தாக உருமாறுகிறான், ஆனால் பருந்தும் பையனும் ஒரே ஆள் என்று வாசகருக்குப் புரியவில்லையா?

உருமாற்றத்தைக் காட்ட இன்னும் 3 படக் கட்டம் சேர்க்க வேண்டாம். பையனின் ஓர் அடையாளத்தை எல்லா விலங்குக்கும் கொண்டுபோங்கள். நிறம்தான் சுலபம், டிசி காமிக்ஸில் விலங்குகளாக உருமாறும் நாயகன் பீஸ்ட் பாய் எந்த விலங்கானாலும் பச்சைதான்.

குழப்பம் பெரும்பாலும் பக்க அமைப்பில் இருக்கும். பையன் கடைசியாகத் தெரியும் கட்டம் வலப்பக்க முடிவில், பருந்து அடுத்த தாளில் என்றால், திருப்பும்போதே தொடர்பு அறுந்துவிடும். இரண்டையும் ஒரே பக்கத்தில் வையுங்கள். அவன் பார்த்த திசையிலேயே பருந்தும் பார்க்கட்டும்.

வசனத்தை மறைத்துவிட்டு, கதை தெரியாத ஒருவரிடம் 'பையன் எங்கே?' என்று கேளுங்கள். விரல் தயங்கினால் இன்னும் வேலை பாக்கி.

கறுப்பு வெள்ளை அச்சு என்றால் நிறம் உதவாது. புருவத் தழும்பெல்லாம் தூரக் காட்சியில் காணாமல் போகும்; நெற்றியில் அகலமான வெள்ளைப் பட்டை மாதிரி ஏதாவது போடுங்கள்.