லண்டன் சந்தையில் கிடைத்த எலும்புக்கூடு வில்லை

கிருஷ்ணகிரியிலிருந்து லண்டன் சென்ற தாங்கள் அங்குள்ள பழம்பொருள் சந்தையில் வாங்கிய இரும்பு வில்லையின் ஒருபுறம் மூழ்கும் கப்பலும், மறுபுறம் பயணச்சீட்டு விற்கும் எலும்புக்கூடும் இருப்பதாகக் குறிப்பிட்டு, அது ஜெர்மானிய மூலமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அது லூசிடானியா பதக்கம். முதல் உலகப்போரின்போது, ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் 1915 மே 7 அன்று லூசிடானியா என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பலைத் தாக்கியதில் ஏறத்தாழ 1,200 பேர் இறந்தனர். போர்த்தளவாடம் ஏற்றிய கப்பலில் பயணிகளையும் ஏற்றி நிறுவனம் காசு பார்த்தது என்று ஏளனம் செய்ய, மியூனிக்கைச் சேர்ந்த கார்ல் கோட்ஸ் என்ற சிற்பி தாமாகவே இதை வடித்தார். ஆனால் தேதியை மே 5 என்று தவறாகப் பொறித்துவிட்டார். தாக்குதல் முன்கூட்டியே திட்டமிடப்பட்டதற்கு இதுவே சான்று என்று பிடித்துக்கொண்ட பிரிட்டன், இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான நகல்களை வார்த்து, அட்டைப்பெட்டியுடன் ஒரு ஷில்லிங்குக்கு விற்றது. எதிரியின் கேலியையே எதிரிக்கு எதிராகத் திருப்பிய இந்தச் சாமர்த்தியம் மூலத்தைவிடச் சுவையானது. (வீழ்ந்தவரைப் போற்றும் நடுகற்களைத் தருமபுரி அருங்காட்சியகத்தில் பார்த்து வளர்ந்த எனக்கு, சாவைக் கேலிசெய்யும் உலோகம் உறுத்தவே செய்கிறது.)

மாதப் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள்: ஆங்கில முறைப்படி 'ஒய்' (MAY) என்றிருந்தால் அது பிரிட்டிஷ் நகல், ஜெர்மன் முறைப்படி 'ஐ' (MAI) என்றிருந்தால் மட்டும் நாணயவியல் வல்லுநரிடம் காட்டுங்கள்.