பச்சையாகவே வாடும் தக்காளி: எந்த மருந்தை எவ்வளவு கலப்பது?

கேள்வி: தக்காளி காய் பிடிக்கும் பருவம். இலை பழுக்காமல், பச்சையாகவே செடி துவண்டு விழுகிறது. கார்பன்டாசிம் என்ற பூஞ்சாணக்கொல்லியை இரண்டு தடவை வேரில் ஊற்றியும் நிற்கவில்லை. மருந்துக்கடையில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கையும் (பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து) சேர்க்கச் சொல்கிறார்கள். டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்களும் கைவசம் இருக்கின்றன. நான்கையும் ஒன்றாக ஊற்றலாமா? என்ன அளவு?

பதில்: அளவைக் கேட்கிறீர்கள், செடியைச் சாய்ப்பது யார் என்று கேட்கவில்லையே! துவண்ட செடியின் அடித்தண்டை வெட்டி, முனை மட்டும் நனையும்படி கண்ணாடி டம்ளர் தண்ணீரில் அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் போன்ற கசிவு நூலாக ஒழுகி இறங்கினால் பாக்டீரியா வாடல். நீங்கள் சொல்லும் அடையாளமும் அதுதான். ஃபுசேரியம் பூஞ்சாணம் என்றால் அடியிலை மஞ்சளாகி, மெதுவாகத்தான் வாடும்.

பாக்டீரியா என்றால் ஊற்றிய கார்பன்டாசிம் வீண். பூஞ்சாண செல்லில் உட்கரு உண்டு. அது பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்க நுண்ணிழைகள் உருவாகும். அவற்றை உருவாக விடாமல் தடுப்பதுதான் இந்த மருந்தின் வேலை. பாக்டீரியாவுக்கு உட்கருவே கிடையாது. டிஎன்ஏ செல்லுக்குள் உறையில்லாமல் சுருண்டு கிடக்கிறது. நடுவில் சுவர் எழுப்பிச் செல் இரண்டாகிவிடும். இழுக்கும் இழையே இல்லாத இடத்தில் மருந்து எதைத் தடுக்கும்?

ஸ்ட்ரெப்டோமைசின் நேர்மாறு. அது பிடிப்பது பாக்டீரியாவின் 70எஸ் வகை ரைபோசோமை, அதாவது செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் பாகத்தை. பூஞ்சாண செல்சாற்றிலுள்ள 80எஸ் ரைபோசோம் அதற்குச் சிக்காது. தக்காளி இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகத்திலும் 70எஸ் வகைதான் (அதன் மூதாதையே ஒரு பாக்டீரியா), அதனால் அளவு மீறினால் இலை வெளுக்கும். தப்பிய பாக்டீரியா, பிளாஸ்மிட் என்ற டிஎன்ஏ வளையத்தைக் கைமாற்றி எதிர்ப்புத் திறனைப் பரப்பும். ஆன்டிபயாடிக்கை மண்ணில் ஊற்றச் சொல்பவர் எவரானாலும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

ஒரே டேங்கில் எல்லாவற்றையும் கலக்கும் வழக்கத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். டிரைக்கோடெர்மா ஒரு பூஞ்சாணம்; கார்பன்டாசிம் அதைத்தான் முதலில் கொல்லும். சூடோமோனாஸ் ஒரு பாக்டீரியா. அதை ஸ்ட்ரெப்டோமைசின் பதம் பார்க்கும். மருந்துக்கும் காசு, மருந்தே கொல்லப்போகும் நுண்ணுயிருக்கும் காசு. கலக்கச் சொன்ன கடைக்காரர் இதை யோசித்தாரா? அவருக்கு விற்றால் போதும்.

வாடிய செடியை இனி எதுவும் மீட்காது. வேர்மண்ணோடு பிடுங்கி வயலுக்கு வெளியே அழித்துவிடுங்கள். அந்த இடத்துத் தண்ணீர் நல்ல செடிக்குப் பாயக் கூடாது. அடுத்து கத்தரி, மிளகாய், உருளை வேண்டாம், எல்லாம் ஒரே குடும்பம், மக்காச்சோளம் போடுங்கள். மறுபடி தக்காளி என்றால் சுண்டை வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய நாற்று. கைவசமுள்ள சூடோமோனாஸை, காலாவதி ஆகவில்லையென்றால், அந்த நாற்றங்காலுக்குத் தனியாகக் கொடுங்கள்.