அப்பாவுக்குக் குடல் புற்றுநோய். நான் கால்சியமும் வைட்டமின் டி-யும் எடுத்துக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 44. அப்பாவுக்கு 58 வயதில் பெருங்குடலில் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சைக்குப் பிறகு இப்போது நலமாக இருக்கிறார். எனக்குத் தொந்தரவு எதுவும் இல்லை. தைராய்டுக்கு மட்டும் மாத்திரை சாப்பிடுகிறேன். அண்மையில் ரத்தப் பரிசோதனை செய்ததில் வைட்டமின் டி 14 நானோகிராம் என்று வந்தது. வைட்டமின் டி-யும் கால்சியமும் சேர்ந்தால் குடல் புற்றுநோயைத் தடுக்கும் என்று படித்தேன். தினமும் 5,000 யூனிட் வைட்டமின் டி-யும் 1,000 மி.கி. கால்சியமும் எடுத்துக்கொள்ளலாமா? அப்படி எடுத்தால், கேமரா வைத்த குழாயால் பெருங்குடலின் உள்ளே பார்க்கும் கொலோனோஸ்கோப்பியைச் சில வருடங்கள் தள்ளிப்போடலாமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். தள்ளிப்போடாதீர்கள். பெற்றோர் அல்லது உடன்பிறந்தவர் ஒருவருக்கு 60 வயதுக்கு முன் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால், 40 வயதில் அல்லது அவருக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பு, இந்த இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது கொலோனோஸ்கோப்பியைத் தொடங்க வேண்டும், பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்பது அமெரிக்கக் குடல்நோய் மருத்துவச் சங்கங்களின் வழிகாட்டுதல். தொடங்கும் வயது நாட்டுக்கு நாடு மாறும், சில நாடுகளில் இன்னும் தள்ளியும் வைத்திருக்கிறார்கள். நான் இந்தக் கணக்கையே பின்பற்றுகிறேன். அதன்படி உங்களுக்கு 40 வயதிலேயே பார்த்திருக்க வேண்டும். நான்கு வருடம் போய்விட்டது, பரவாயில்லை, இப்போது செய்துவிடுங்கள்.

இனி மாத்திரைக்கு வருவோம். நீங்கள் படித்தது முழுப் பொய் இல்லை, அதற்குப் பின்னால் நாற்பது வருடத்துக்கும் மேலான ஆராய்ச்சி இருக்கிறது. ஆனால் கால்சியம், வைட்டமின் டி இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதுதான் சிக்கல். இரண்டுக்கும் இருக்கும் ஆதாரம் ஒரே தரமானது அல்ல.

பேச்சு தொடங்கியது 1980-இல். செட்ரிக் கார்லண்ட், ஃபிராங்க் கார்லண்ட் என்ற சகோதரர்கள் அமெரிக்க வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒன்றைக் கவனித்தார்கள். வெயில் நிறைய அடிக்கும் தென்மேற்கு மாநிலங்களில் பெருங்குடல் புற்றுநோய் இறப்பு குறைவு, வெயில் குறைந்த வடகிழக்கில் அதிகம். வெயில் பட்டால் தோலில் வைட்டமின் டி உருவாகிறது, அதனால் அதுதான் காப்பாற்றுகிறதோ என்று கேட்டார்கள். கேள்வி நல்ல கேள்வி. ஆனால் இரண்டு ஊர்களுக்கு இடையே வெயில் மட்டுமா மாறுகிறது? உணவு, உடல் உழைப்பு, புகை, மது எல்லாமே மாறும்.

அடுத்த சில வருடங்களில் கால்சியத்துக்கு ஒரு விளக்கம் வந்தது. கொழுப்பைச் செரிக்கக் கல்லீரல் பித்த அமிலங்களைச் சுரக்கிறது. அவற்றில் பெரும்பகுதி சிறுகுடலின் கடைசியில் திரும்ப உறிஞ்சப்பட்டுவிடும். மிஞ்சிய கொஞ்சம் பெருங்குடலுக்குள் இறங்கும்போது அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை வேறு அமிலங்களாக மாற்றிவிடும். அவை குடலின் உள்சுவர் செல்களை அரித்து எரிச்சலூட்டும். சேதமான செல்களுக்குப் பதிலாகப் புதியவை வேகமாகப் பிரிந்து உருவாகும், அப்படி அடிக்கடி பிரியும்போது மரபணுப் பிழைகள் நுழைய வாய்ப்பு கூடும். கால்சியம் இந்த அமிலங்களோடும் செரிக்காத கொழுப்பமிலங்களோடும் சேர்ந்து கரையாத உப்பாக, ஏறக்குறைய சோப்பாக, மாறி மலத்தோடு போய்விடுகிறது. இது போக, குடல் செல்களின் மேல் கால்சியத்தை உணரும் ஏற்பிகள் இருக்கின்றன. அவை தூண்டப்பட்டால் செல் பிரிவது மட்டுப்பட்டு, முதிர்வது கூடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எலும்புக்கு உதவுவது ரத்தத்தில் ஏறும் கால்சியம். ஆனால் பித்த அமிலத்தைப் பிடிப்பது உறிஞ்சப்படாமல் பெருங்குடல் வரை வந்து சேரும் கால்சியம். வைட்டமின் டி செய்யும் முக்கிய வேலையோ கால்சியத்தை ரத்தத்துக்குள் ஏற்றுவது! அதனால் இந்த இரண்டும் கைகோத்துக் குடலைக் காக்கின்றன என்பது சொல்லக் கேட்க அழகாக இருக்கிறதே தவிர, உடலுக்குள் கணக்கு அத்தனை நேராக இல்லை. வைட்டமின் டி-க்குக் குடல் செல்களில் தனி ஏற்பிகள் உண்டு, பிரிவதை அடக்குவதில் அவற்றுக்குப் பங்கு உண்டு என்று ஆய்வகத்தில் தெரிகிறது. ஆய்வகத் தட்டில் தெரிவது மனிதரிடம் பலிக்கிறதா என்பதுதான் கேள்வி.

மனிதரிடம் சோதித்துப் பார்த்தார்கள். கால்சியத்துக்குச் சாதகமான முதல் பெரிய முடிவு 1999-இல் வந்தது. பாலிப் என்பது குடலின் உள்சுவரில் வளரும் சிறு கட்டி, அடினோமா என்பது அதில் நாளடைவில் புற்றுநோயாக மாறக்கூடிய ஒரு வகை. குடலில் அடினோமா வகைப் பாலிப் இருந்து அகற்றப்பட்ட 930 பேரில் பாதிப் பேருக்குத் தினம் 1,200 மி.கி. கால்சியமும், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் நான்கு வருடம் கொடுத்தார்கள். வெற்று மாத்திரைக் குழுவில் 38 சதவீதம் பேருக்கும், கால்சியக் குழுவில் 31 சதவீதம் பேருக்கும் அடினோமா மறுபடி வந்தது. மற்ற வேறுபாடுகளைக் கழித்துப் பார்த்தால் ஆபத்து 15 சதவீதம் குறைவு. பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது, ஆனால் உண்மையான வித்தியாசம் என்றே அப்போது எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

அப்புறம் வந்த ஆய்வுகள் அந்த உற்சாகத்தைக் குறைத்துவிட்டன. 2006-இல் வெளியான அமெரிக்கப் பெண்கள் நல ஆய்வில், மாதவிடாய் நின்ற 36,282 பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தினம் 1,000 மி.கி. கால்சியமும் 400 யூனிட் வைட்டமின் டி-யும் ஏழு வருடம் கொடுத்தார்கள். மாத்திரை எடுத்தவர்களில் 168 பேருக்கும் எடுக்காதவர்களில் 154 பேருக்கும் பெருங்குடல் புற்றுநோய் வந்தது. அதாவது தடுப்புப் பலன் எதுவும் இல்லை, சிறுநீரகக் கல் மட்டும் சற்றுக் கூடியது. இந்த ஆய்வுக்கும் மறுப்பு சொல்லலாம். அந்தப் பெண்கள் ஏற்கெனவே உணவிலேயே போதுமான கால்சியம் எடுத்துவந்தவர்கள், வைட்டமின் டி அளவு மிகக் குறைவு, ஒரு பாலிப் புற்றுநோயாக மாறப் பத்து வருடம் ஆகும் நிலையில் ஏழு வருடம் போதாது. நியாயமான மறுப்புகள்தான். அதனால்தான் இன்னொரு ஆய்வு தேவைப்பட்டது.

அது 2015-இல் வெளிவந்தது. முதல் ஆய்வை நடத்திய அதே குழு, இம்முறை 2,259 பேரை வைத்து, 1,200 மி.கி. கால்சியம், 1,000 யூனிட் வைட்டமின் டி, இரண்டும் சேர்த்து என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தது. மூன்று முதல் ஐந்து வருடம் கழித்து அடினோமா திரும்ப வந்ததில் எந்தக் குழுவுக்கும் வேறுபாடு இல்லை. அதே ஆட்களைப் பின்தொடர்ந்து 2018-இல் சொன்ன செய்திதான் என்னை யோசிக்க வைத்தது. கால்சியம் எடுத்தவர்களுக்கு, தனியாக எடுத்தாலும் வைட்டமின் டி-யோடு எடுத்தாலும், சில வருடங்கள் கழித்து ரம்பப்பல் விளிம்புபோல் தெரியும் செரேட்டட் வகைப் பாலிப்புகள் கூடுதலாகக் காணப்பட்டன. இவையும் புற்றுநோயாக மாறக்கூடியவை. ஒரே ஆய்வின் முடிவு என்பதால் பயப்படத் தேவையில்லை. ஆனால் முன்பு செரேட்டட் பாலிப் அகற்றப்பட்டவர்களும் புகைபிடிப்பவர்களும் தாங்களாகக் கால்சியம் மாத்திரை தொடங்க வேண்டாம் என்றே நான் சொல்வேன்.

வைட்டமின் டி மட்டும் தனியாக? 2019-இல் வெளியான வைட்டல் ஆய்வில் 25,871 பேர். தினம் 2,000 யூனிட் அல்லது வெற்று மாத்திரை, ஐந்து வருடத்துக்குச் சற்று மேல். புற்றுநோய் வருவது குறையவில்லை, பெருங்குடல் புற்றுநோயும் குறையவில்லை. புற்றுநோயால் இறப்பதில் சிறு குறைவுக்கான அறிகுறி தெரிந்தது என்பதை இன்றும் சிலர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், ஆனால் புள்ளியியல் வரம்பை அது தாண்டவில்லை.

அப்படியானால் ரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருப்பவர்களுக்குப் புற்றுநோய் அதிகம் என்று எழுதுகிறார்களே? எழுதுவது சரிதான். 17 நீண்டகால ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பில், மிகக் குறைவாக, அதாவது 12 நானோகிராமுக்குக் கீழே இருந்தவர்களுக்கு ஆபத்து 31 சதவீதம் கூடுதல். ஆனால் யாருக்கு வைட்டமின் டி குறைகிறது? உடல் பருமன் உள்ளவர்களுக்கு, ஏனென்றால் அது கொழுப்பில் போய்த் தங்கிவிடும். வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பவர்களுக்கு, நீண்ட நாள் நோயாளிகளுக்கு. பருமனும் உடல் அசைவில்லாமையும் தனியாகவே குடல் புற்றுநோயைக் கூட்டுபவை. ஆகவே குறைந்த வைட்டமின் டி பல நேரங்களில் காரணம் அல்ல, அடையாளம். மாத்திரை கொடுத்து எண்ணை ஏற்றினால் அடையாளம் மாறும், அதன் பின்னால் இருக்கும் வாழ்க்கை மாறாது.

கால்சியத்தின் கதை இங்கே வேறு திசையில் போகிறது. உணவிலிருந்து வரும் கால்சியத்துக்கு ஆதாரம் வலுவாகவே இருக்கிறது. 2025-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் ஐந்து லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்தார்கள். தினம் 300 மி.கி. கால்சியம், அதாவது ஒரு பெரிய டம்ளர் பாலில் இருக்கும் அளவு, கூடுதலாக எடுத்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் 17 சதவீதம் குறைவு. இதுவும் கவனித்துப் பார்த்த ஆய்வுதான், மாத்திரைச் சோதனை போல உறுதியானது அல்ல. ஆனாலும் பல நாட்டு ஆய்வுகள் ஒரே பக்கம் சாய்கின்றன. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் பால் பொருள்களும் கால்சியம் மாத்திரையும் ஆபத்தைக் குறைப்பதற்கு 'சாத்தியம் அதிகம்' என்றும், வைட்டமின் டி-க்கு வெறும் 'குறைந்த அளவு ஆதாரம்' என்றும் தரம் பிரித்திருக்கிறது. மாத்திரை விஷயத்தில் 2015, 2018 முடிவுகளைப் பார்த்த பிறகு நான் அவர்கள் அளவுக்குத் துணிய மாட்டேன். உணவு விஷயத்தில் முழுக்க ஒத்துப்போகிறேன்.

சரி, நீங்கள் என்ன செய்வது?

வைட்டமின் டி 14 என்பது குறைவு. எலும்புக்குப் போதுமானது என்று பொதுவாக ஏற்கப்படும் அளவு 20. அதைச் சரிசெய்யுங்கள், ஆனால் எலும்புக்காக, புற்றுநோய்க்காக அல்ல. குறைபாட்டை ஈடுகட்ட மருத்துவர் சில வாரங்களுக்கு அதிக அளவு கொடுக்கலாம். அது முடிந்ததும் தினம் 1,000 அல்லது 2,000 யூனிட் பெரும்பாலானோருக்குப் போதும். நீங்கள் கேட்ட 5,000 வேண்டாம். மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் தாண்டக் கூடாத வரம்பு 4,000. கூடக் கூட நல்லது என்பதும் இல்லை. 2019-இல் கனடாவில் மூன்று வருடம் 400, 4,000, 10,000 யூனிட் என்று கொடுத்துப் பார்த்ததில், அதிக அளவு எடுத்தவர்களின் எலும்பு அடர்த்திதான் கூடுதலாகக் குறைந்தது.

கால்சியம் உங்கள் வயதுக்கு உணவும் மாத்திரையும் சேர்த்து நாளுக்கு 1,000 மி.கி. வேண்டும். இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 1,000 மி.கி. மொத்தத் தேவை, மாத்திரையின் அளவு அல்ல. பால், தயிர், கால்சியம் சேர்த்த சோயா பால், எள், முள்ளோடு சாப்பிடும் சிறு மீன் இவற்றில் நாளுக்கு எவ்வளவு உங்களுக்குச் சேருகிறது என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். 700 வந்தால் மாத்திரையே தேவையில்லாமல், இன்னொரு டம்ளர் பாலில் முடிந்துவிடும். பசலைக்கீரையைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தை விடுவதில்லை.

மாத்திரை எடுத்தே ஆக வேண்டுமென்றால் அட்டையைப் படியுங்கள். 1,250 மி.கி. கால்சியம் கார்பனேட் என்று போட்டிருந்தால் அதில் உண்மையான கால்சியம் 500 மி.கி. மட்டுமே. ஒரே நேரத்தில் 500-க்கு மேல் எடுத்தால் சரியாக உறிஞ்சாது. கார்பனேட்டைச் சாப்பாட்டோடு எடுங்கள். முக்கியமாக, தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் தைராய்டு மருந்தைக் கால்சியம் பிடித்து வைத்துக்கொள்ளும், உங்கள் தைராய்டு அளவு காரணம் தெரியாமல் ஏறி இறங்கும். சிறுநீரகக் கல் வந்ததுண்டா, தையசைடு வகை ரத்த அழுத்த மாத்திரை எடுக்கிறீர்களா என்பதையும் உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

மற்றபடி எடை, நடை, புகை, மது, பதப்படுத்திய இறைச்சி, நார்ச்சத்து. இவை ஒவ்வொன்றுக்கும் வைட்டமின் டி-யை விடத் தெளிவான ஆதாரம் உண்டு, உங்களுக்கும் தெரிந்த சங்கதி. அடினோமாக்களை கொலோனோஸ்கோப்பியில் அகற்றிய நோயாளிகளை அமெரிக்காவில் நீண்ட காலம் பின்தொடர்ந்ததில், எதிர்பார்த்ததை விடப் பெருங்குடல் புற்றுநோய் இறப்பு 53 சதவீதம் குறைந்திருந்தது. எந்த மாத்திரையும் இதன் பக்கத்தில் வந்ததில்லை.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. அப்பாவின் அறுவை சிகிச்சைத் திசு அறிக்கையைத் தேடி எடுங்கள். அதில் 'மிஸ்மேட்ச் ரிப்பேர்' புரதங்களுக்கான, அதாவது செல் பிரியும்போது நேரும் மரபணுப் பிழைகளைத் திருத்தும் புரதங்களுக்கான, சோதனை செய்யப்பட்டதா என்று பாருங்கள். செய்யவில்லை என்றால், பாதுகாத்து வைத்திருக்கும் திசுவில் இப்போதும் செய்ய முடியுமா என்று மருத்துவமனையில் கேளுங்கள். அதில் குறை தெரிந்து, மரபணுச் சோதனையில் லிஞ்ச் நோய்க்குறி, அதாவது குடல் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பரம்பரைக் கோளாறு, உறுதியானால் உங்கள் கணக்கே மாறிவிடும். ஐந்து வருடத்துக்குப் பதிலாக ஓரிரு வருடத்துக்கு ஒரு முறை கொலோனோஸ்கோப்பி தேவைப்படும். தடுப்பு மருந்து என்று பேச அங்கேதான் உண்மையான இடம் இருக்கிறது, அதுவும் கால்சியம் அல்ல, ஆஸ்பிரின். லிஞ்ச் உள்ள 861 பேரிடம் நடந்த ஆய்வில் இரண்டு வருடம் ஆஸ்பிரின் எடுத்தவர்களுக்குப் பின்வந்த வருடங்களில் பெருங்குடல் புற்றுநோய் தெளிவாகக் குறைந்தது. ரத்தக் கசிவு ஆபத்து இருப்பதால் இதை நீங்களாகத் தொடங்கக் கூடாது. உடன்பிறந்தவர்கள் இருந்தால் இந்த அறிக்கையும் கொலோனோஸ்கோப்பி வயதும் அவர்களுக்கும் பொருந்தும், அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.