மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய தம்பியிடம் எப்படிப் பேசுவது?

தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு மாதமாகிறது, நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறார், அப்பா கத்துகிறார், அம்மா அழுகிறார், நோய் திரும்பிவிடுமோ என்று பயமாக இருக்கிறது என எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் அப்பாவுக்குப் புரியவேண்டியது: அது சோம்பேறித்தனம் இல்லை. காதில் குரல் கேட்பதும் சந்தேகமும் பெரும்பாலும் மாத்திரைக்குக் கட்டுப்படும். ஆர்வம் வற்றுவது, பேச்சு சுருங்குவது, குளிக்கக்கூட மனம் வராதது ஆகியவையும் இதே நோயின் அறிகுறிகள்தான். ஆனால் மாத்திரை இவற்றை அவ்வளவாக அசைப்பதில்லை. குரல் கேட்டபோது "பாவம், நோய்" என்று தாங்கிய வீடு, குரல் நின்றதும் "இப்ப என்ன கேடு?" என்று கேட்கத் தொடங்கும். சண்டைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளர், மனநல மருத்துவமனையிலிருந்து வெளியே போனவர்களைத் தொடர்ந்து கவனித்தார். பெற்றோரிடமோ மனைவியிடமோ போனவர்களைவிட, தனி அறை எடுத்தோ உடன்பிறந்தவரோடோ தங்கியவர்கள் நன்றாக இருந்தார்கள். காரணம் தேடியபோது மூன்று விஷயங்கள் தெரிந்தன: ஓயாத குறைசொல்லல், வெறுப்பு, அளவு மீறிய பதற்றமும் தியாகமும். அப்படிப்பட்ட வீட்டில் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் நேருக்கு நேர் இருந்தவர்களுக்கே நோய் திரும்பும் ஆபத்து அதிகம் என்று 1976இல் கிறிஸ்டின் வான், ஜூலியன் லெஃப் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். குடும்பத்தால்தான் நோய் வந்தது என்று இதற்கு அர்த்தமில்லை. அந்தப் பழியை யாரும் உங்கள் அம்மா தலையில் போட விடாதீர்கள்.

35 மணி என்றால் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம். ஒரே ஹாலில் டிவி முன்னால் உட்கார்ந்தாலே தாண்டிவிடும். காலை நடை, நூலகம், பகல்நேரப் புனர்வாழ்வு மையம் என்று ஏதாவது ஒன்றுக்குத் தம்பி போகட்டும். அம்மாவும் தினம் ஒரு மணி நேரமாவது வெளியே போய் வரட்டும்.

அடுத்தது வாக்கியம். "எப்பப் பாரு படுத்தே கிடக்கிறே" என்பதற்குப் பதில், "நீ பத்து மணி வரைக்கும் எழுந்திருக்கலைன்னா எனக்குக் கவலையா இருக்குப்பா. நாளைக்கு எட்டு மணிக்கு என்கூட டீ குடிக்க வந்தா நல்லா இருக்கும்." பார்த்தது, தோன்றியது, கேட்பது என மூன்றும் அதில் இருக்கின்றன. கேட்பது ஒரே ஒரு செயலாக இருக்கட்டும். "எழுந்து, குளிச்சு, கடைக்குப் போயிட்டு வா" என்று அடுக்கினால் முதலாவதும் நடக்காது. இந்த நோயில் கவனமும் நினைவும் தளர்ந்திருக்கும். கேட்டபின் பத்து விநாடி சும்மா இருங்கள். எழுந்து வந்தால் "வந்துட்டியா, சந்தோஷம்" போதும். "இன்னைக்காவது எழுந்தியே" என்றால் அது பாராட்டு வேஷத்தில் வந்த குத்தல். அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

"பக்கத்து வீட்டுல என்னைப் பத்திப் பேசறாங்க" என்றால் வாதாடவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். "அப்படித் தோணினா பயமாத்தான் இருக்கும். இங்க வந்து உட்காரு" என்பது போதும்.

மாத்திரையை ரசத்திலோ காபியிலோ கலந்து கொடுக்காதீர்கள். கண்டுபிடித்த நாளிலிருந்து அம்மா சமைக்கும் எல்லாவற்றின் மேலும் சந்தேகம் வரும். ஏன் வேண்டாம் என்கிறார் என்று கேளுங்கள். தூக்கம், எடை, கை நடுக்கம் என்று ஏதாவது சொல்வார். அதை எழுதி டாக்டரிடம் கொண்டுபோனால் நேரத்தை, அளவை, மருந்தையே மாற்றலாம். மாதம் ஒருமுறை போடும் ஊசியும் உண்டு.

வாரம் ஒருமுறை அரை மணி நேரம் எல்லோரும் உட்காருங்கள், ஒரே ஒரு பிரச்சினையோடு. இங்கே பெரும்பாலும் சறுக்குவது முதல் படியிலேயே, பிரச்சினை என்னவென்று சொல்வதில்: "அவன் பொறுப்பில்லாம இருக்கான்" என்பதற்குத் தீர்வே கிடையாது. "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பாட்டுச் சத்தம்" என்றால் உண்டு. ஐந்தாறு யோசனைகளை நோட்டில் எழுதுங்கள், தம்பி சொல்வதை முதலில். எழுதி முடிக்கும்வரை எதையும் நல்லது கெட்டது என்று பேசக்கூடாது. பிறகு சாதகபாதகம் பார்த்து ஒன்றைத் தேர்ந்து, யார் எப்போது என்ன செய்வது என்றும் எழுதி, அடுத்த வாரம் பாருங்கள். சரிவரவில்லையென்றால் நோட்டிலிருந்து இன்னொன்று. தம்பி நடுவில் எழுந்து போனால் போகட்டும், கூப்பிட்டு உட்கார வைக்காதீர்கள்.

தொடர்ந்து இரண்டு மூன்று இரவு தூக்கம் கெட்டாலோ, தனக்குத்தானே பேசத் தொடங்கினாலோ, வீட்டுச் சாப்பாட்டை மறுத்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். சந்தேகம் கேட்க 14416, அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். செத்துப்போகிறேன் என்றாலோ யாரையாவது அடிக்கப் போனாலோ ஃபோனில் நேரம் கடத்தாமல் நேராக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.