இராணுவ வண்டியின் கரண்ட்: கேட்டதும் சொன்னதும்

காத்தான்குடி: அண்ணன், காருக்கு 12 வோல்ட் போதும். இராணுவ ட்ரக்குக்கு மட்டும் ஏன் 24?

ட்ரக்குக்கு மட்டுமில்லை காக்கா, பெரிய லொறியின் பட்டரிப் பெட்டியைத் திறந்தாலும் 12 வோல்ட் பட்டரி இரண்டு தொடராகத்தான் இருக்கும். 1 கிலோவாட் எடுக்க 12 வோல்ட்டில் 83 அம்பியர் ஓட வேண்டும், 24இல் 42 போதும். கரண்ட் பாதியானால், அதே வயரில் சூடாக வீணாவது கால்வாசி. நேட்டோ நாடுகளில் இதை 28 வோல்ட் முறை என்பார்கள். எஞ்சின் ஓடும்போது கிடைக்கும் வோல்ட் அது.

கல்முனை: எஞ்சினை நிறுத்தினால் ரேடியோ, கமரா எல்லாம் எவ்வளவு நேரம் தாங்கும்?

தலையிடியே இங்குதான். எஞ்சினின் சத்தமும் சூடும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்று அணைத்துவிட்டுக் காவல் இருப்பார்கள். 100 ஏஎச் (அம்பியர் மணி) பட்டரி இரண்டு, 24 வோல்ட்டில் மொத்தம் 2400 வாட் மணி. ஈயப் பட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் போய்விடும், ஆகவே கையில் இருப்பது 1200. 300 வாட் சுமைக்கு 4 மணி நேரம், அதுவும் புதுப் பட்டரி என்றால். அப்புறம் செல்ஃப் அடிக்கவும் வேண்டுமே! பிரித்தானிய இராணுவத்தின் ரேடியோ லேண்ட் ரோவர்களில் அதற்காகவே ரேடியோவுக்குத் தனிப் பட்டரி வைத்தார்கள். அமெரிக்காவின் ஆப்ராம்ஸ் டாங்கி இன்னும் மோசம்: 1500 குதிரைவலு டர்பைன், சும்மா நின்றாலும் எண்ணெயைக் குடித்துத் தள்ளும். பிறகு வந்த வகைகளில் சின்னத் துணை ஜெனரேட்டர் ஒன்றை உள்ளே வைக்க வேண்டி வந்தது.

சம்மாந்துறை: பழைய 24 வோல்ட் ட்ரக் ஒன்று வைத்திருக்கிறேன். பாட்டுச் செட்டுக்கு ஒரு பட்டரியிலிருந்து 12 வோல்ட் இழுத்திருக்கிறேன். பிழையா?

பிழைதான். மீட்டரை இரண்டிலும் தனித்தனியே வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். எஞ்சினோடு சுற்றிப் பட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஒல்டர்னேட்டருக்குத் தெரிவது மொத்த வோல்ட் மட்டும். நீங்கள் இழுக்கும் பட்டரி எப்போதும் அரைவயிறு, மற்றதில் அளவுக்கு மிஞ்சி ஏறித் தண்ணீர் வற்றும். கடைசியில் இரண்டும் சேர்ந்தே போகும். 24ஐ 12 ஆக்கும் கன்வேர்ட்டர் ஒன்றைப் போடுங்கள். பட்டரி விலையோடு பார்த்தால் அது பெரிய காசில்லை.

ஒலுவில், பொறியியல் மாணவர்: ஹைபிரிட் வந்தால் இதெல்லாம் மாறுமா அண்ணா?

மாறும் தம்பி. ஹைபிரிட் என்றால் எஞ்சினோடு மின்மோட்டரும் பெரிய பட்டரியும் சேர்ந்த வண்டி. அமெரிக்காவின் ஓஷ்கோஷ் நிறுவனம் 2022 ஜனவரியில் ஒரு ஹைபிரிட் இராணுவ வண்டியைக் காட்டியது. 115 கிலோவாட் வெளியே கொடுக்கலாம், ஜெனரேட்டரைப் பின்னால் கட்டி இழுக்க வேண்டியதில்லை என்றார்கள். எனக்கு அதன் வேகத்தைவிட இதுதான் பெரிய விஷயம். சத்தமில்லாமல் காவல் இருக்கவும் வசதி.

ஏறாவூர்: மாரி காலத்தில் லைன் போனால், லொறியில் இன்வேர்டர் வைத்து வீட்டு பிளக்கில் சொருகலாமா?

கூடவே கூடாது. கரண்ட் வீட்டிலிருந்து பின்னோக்கி வெளி லைனில் ஏறி, கம்பத்தில் வேலை செய்பவரைக் கொன்றுவிடும். வீட்டை வெளி லைனிலிருந்து பிரித்துவிடும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாவிட்டால், ஃபேனையும் லைட்டையும் இன்வேர்டரிலிருந்து தனி வயரில் நேராக எடுங்கள்.