வேலூர் 1806: சிப்பாய் வேடத்துக்கு முதலில் தலைப்பாகையைச் சரி செய்யுங்கள்

கேள்வி: நான் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. ஜூலை 10 அன்று வேலூர் சிப்பாய் எழுச்சியை மாணவர்கள் அந்தக் காலத்து ஆட்களாகவே நின்று மற்ற வகுப்புப் பிள்ளைகளிடம் பேசிக் காட்ட வேண்டும் என்று ஆசை. இருபது மாணவர்கள் இருக்கிறார்கள், பணம் குறைவு. நாடக உடை வாடகைக் கடையில் சிவப்புக் கோட்டு, வெள்ளைப் பேன்ட், கறுப்பு பூட்ஸ் என்று ஒரு செட்டைக் காட்டி "பிரிட்டிஷ் காலத்துச் சிப்பாய் டிரஸ்" என்கிறார்கள். அதையே எடுத்துக்கொள்ளலாமா, தைக்க வேண்டுமா?

பதில்: அந்தச் செட்டை எடுக்காதீர்கள். வேறு நாடகம் என்றால் பரவாயில்லை என்றுகூடச் சொல்லியிருப்பேன், ஆனால் வேலூரில் உடைதான் சண்டைக்கே வித்திட்ட விஷயம், அதைத் தப்பாகப் போட்டுவிட்டு வரலாறு சொல்ல முடியாது. கடைக்காரர் காட்டுவது பெரும்பாலும் 1857 வடநாட்டுச் சிப்பாயையும் சினிமாவையும் கலந்த ஒரு உடை. நீங்கள் காட்டப்போவது அதற்கு ஐம்பது வருடம் முந்தைய சென்னை ராணுவம், அதுவும் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவம். ஆகவே விக்டோரியா மகாராணியின் முத்திரையோ காக்கியோ கொழுப்புத் தடவிய தோட்டாவோ இதில் எங்கும் வரக்கூடாது.

சுருக்கமாகச் சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உடைப் பட்டியல் இதிலிருந்துதான் வருகிறது. 1805 இறுதியில் சென்னை ராணுவத் தளபதி சர் ஜான் கிராடக்கின் கீழ் புதிய உடை விதிகள் வந்தன. சீருடையில் இருக்கும்போது நெற்றியில் மதக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசைகூட எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இதோடு புதிதாக ஒரு தலைப்பாகை, அதன் மேல் தோலால் ஆன ஒரு பதக்கப்பூ. பார்ப்பதற்கு அது வெள்ளைக்காரர்களின் தொப்பி போலவே இருந்ததால் மதம் மாற்றப் பார்க்கிறார்கள் என்ற பயம் பரவியது, அந்தத் தோல் மாட்டுத்தோலா பன்றித்தோலா என்ற சந்தேகம் இந்து, முஸ்லிம் இரு தரப்பையும் சேர்த்தே சுட்டது. 1806 மே மாதம் வேலூரில் 4ஆம் ரெஜிமென்டின் 2ஆம் பட்டாலியன் சிப்பாய்கள் சிலர் அதை அணிய மறுத்தார்கள். அவர்களைச் சென்னைக்கு அனுப்பி விசாரித்து, ஒரு இந்து, ஒரு முஸ்லிம் என இருவருக்குக் கசையடி கொடுத்து வேலையை விட்டே நீக்கினார்கள். ஜூலை 10 விடிவதற்குள் கோட்டைக்குள் சிப்பாய்களின் எழுச்சி வெடித்தது.

என் யோசனை இதுதான்: ஜூலை இரவுச் சண்டையை நடிக்காதீர்கள், மே மாத அணிவகுப்பை நடியுங்கள். புதிய தலைப்பாகை முன்னால் இருக்கிறது, ஒருவன் கை நீட்ட மறுக்கிறான், அவ்வளவு போதும். பார்க்கிற பிள்ளைகள் "ஏன் அண்ணா போட மாட்டேங்கிறீங்க?" என்று கேட்பார்கள், நடிப்பவன் அந்தச் சிப்பாயாகவே பதில் சொல்வான். சண்டை நடித்தால் இருபது செட்டு உடையும் இருபது துப்பாக்கியும் வேண்டும், கேள்வி கேட்க யாருக்கும் நேரமும் இருக்காது. இப்படிச் செய்தால் ஆறு சிப்பாய் உடை போதும்.

இனி உடைக்கு வருவோம். பணத்திலும் உழைப்பிலும் பாதியைத் தலைக்குக் கொடுங்கள், பழையது, புதியது இரண்டும் வேண்டும். அக்காலச் சென்னைச் சிப்பாய் ஓவியங்களில், குறிப்பாகத் தஞ்சாவூர் ஓவியர்கள் கம்பெனி அதிகாரிகளுக்காகச் சிப்பாயையும் மனைவியையும் ஜோடியாக வரைந்தவற்றில், பழைய தலைப்பாகை தெளிவாகத் தெரியும். அது கிராமத்து முண்டாசு போல் தளர்வாக இருக்காது, உள்ளே சட்டம் வைத்து விறைப்பாக நிற்கும் கருநீலத் தலைப்பாகை. மூங்கில் பிளாச்சை வளைத்துக் கட்டி, மேலே டெய்லர் காலருக்கு வைக்கும் பக்ரத்தைச் சுற்றி, அதன் மேல் நீலப் பருத்தித் துணியை இழுத்துத் தைத்தால் வடிவம் நிற்கும். புதியது வட்டத் தொப்பியை ஒத்த வடிவம், பக்கவாட்டில் தோல் பூ. தோலுக்கு நீங்கள் எங்கும் அலைய வேண்டாம், ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் வேலை செய்கிற குடும்பத்துப் பிள்ளை உங்கள் வகுப்பிலேயே இருக்கக்கூடும், வெட்டுத்துண்டு ஒன்று கேட்டால் போதும். இந்த இரண்டாவது தலைப்பாகை எழுத்து விவரங்களை வைத்து நாமே கட்டியது என்பதைப் பார்வையாளர்களிடம் அந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். எது சான்றுள்ளது, எது ஊகம் என்று பிரித்துச் சொல்வதும் பாடத்தில் சேர்த்திதான்.

கோட்டு இடுப்பளவுதான், நீளமாக வேண்டாம். நிறத்தில் கவனம் வையுங்கள். சாதாரண வீரர்களின் சிவப்பு, மஞ்சிட்டி இனத்து வேரில் தோய்த்த செங்கல் சாயல் கொண்டது. செயற்கைச் சாயமே 1856க்குப் பிறகுதான் வந்தது, அதனால் பளீரென்ற ரோஜாச் சிவப்பு துணியைப் பார்த்ததும் ஒதுக்கிவிடுங்கள். அசல் கோட்டு கம்பளித் துணி. வேலூர் வெயிலில் பிள்ளைகளுக்கு அதைப் போட்டுவிடுவது கொடுமை, ஆகவே ஐந்துக்குக் கெட்டிப் பருத்தி ட்ரில் எடுத்து, ஒன்றை மட்டும் கம்பளியில் தைத்து, தொட்டுப் பார்க்கவும் தூக்கிப் பார்க்கவும் மேசையில் வையுங்கள். பாலியஸ்டர் வேண்டவே வேண்டாம், அந்தப் பளபளப்பு தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கும். பொத்தான் தட்டையான வெள்ளை உலோகம். ஜிப்பும் வெல்க்ரோவும் 20ஆம் நூற்றாண்டுச் சமாச்சாரம், சட்டென்று போட்டுக் கழற்ற வேண்டுமென்றால் உள்பக்கம் கொக்கி வைத்துக்கொள்ளலாம். தையல் மிஷின் அப்போது கிடையாது, ஆனாலும் உள்தையலை மிஷினில் ஓட்டிவிட்டு வெளியே தெரிகிற ஓரங்களை மட்டும் கையால் தைத்தால் போதும் என்பது என் கருத்து. இதற்கு மேல் கறாராக இருந்தால் ஜூலைக்குள் முடியாது.

கீழே முழுப் பேன்ட் கிடையாது. முழங்காலுக்கு மேல் நிற்கும் வெள்ளை அரைக்கால் சட்டை, ஓரத்தில் ரம்பப் பல் போல நீலக் கரை. இதைப் பார்த்ததும் மாணவர்கள் சிரிப்பார்கள், ஒருவேளை அணியக் கூச்சப்படுவார்கள், அப்படியானால் முழங்கால் வரை நீட்டிக்கொள்ளுங்கள், அதில் ஒன்றும் குடி முழுகிவிடாது. காலில் தோல் செருப்பு அல்லது வெறுங்கால், பூட்ஸ் இல்லை. மார்பில் குறுக்காகப் போகும் இரண்டு வெள்ளை வாருக்கு இரண்டு அங்குலப் பருத்தி நாடா போதும். துப்பாக்கி சுமார் நாலரை அடி நீளம், தச்சரிடம் மரத்தில் ஒன்றே ஒன்று செய்து வாங்குங்கள், மற்றவர்கள் வெறுங்கையோடு நிற்கலாம்.

முகத்துக்கு வருகிறேன், இதை உடையைவிட முக்கியமாக நினைக்கிறேன். பழைய தோற்றத்தில் நிற்பவர்களுக்கு நாமம், திருநீறு, கடுக்கன், தாடி எல்லாம் இருக்க வேண்டும், அப்போதுதான் எதைப் பறிக்கப் பார்த்தார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும். கடுக்கனுக்குக் காது குத்தாமல் அழுத்திப் போடுகிற வகை கடையில் கிடைக்கிறது. ஒட்டுத் தாடிக்கான பசை சில பிள்ளைகளுக்குத் தோலில் அரிப்பு தரும், முந்தின நாளே முழங்கையில் தடவிப் பாருங்கள். ஆனால் ஒரு மாணவன் வீட்டிலிருந்து இட்டு வந்த திருநீற்றை மேடையில் அழிக்கச் சொல்லாதீர்கள், முஸ்லிம் மாணவனிடம் தாடி மழிப்பதை நடித்துக் காட்டச் சொல்லாதீர்கள், அந்தத் தோல் பூ வைத்த தலைப்பாகையை யார் தலையிலும் கட்டாயமாக வைக்காதீர்கள். அது ஒரு தட்டில் இருக்கட்டும். விதியை அதிகாரி வாசிக்கட்டும், சிப்பாய் வாயால் மறுக்கட்டும். 1806இல் புண்பட்ட அதே இடத்தில் இன்றும் ஒரு குழந்தை புண்படலாம்.

மாணவிகளுக்கு வேடம் இல்லையே என்று நினைக்க வேண்டாம். மேலே சொன்ன தஞ்சாவூர் ஓவியங்களில் சிப்பாயின் மனைவி சேலையில் நிற்கிறாள், வீட்டுக் கைத்தறிப் பருத்திச் சேலையே போதும், ஜரிகையும் ரெடிமேட் பிளவுஸும் மட்டும் தவிர்த்துவிடுங்கள். கணவன் கசையடி படுவானா என்று பயப்படுகிற அவள் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட்டின் மனைவி அன்றைய இரவைத் தன் கையால் எழுதி வைத்தவர், அவர் வேடமும் ஒரு மாணவிக்குத் தரலாம். கூடை மாதிரி விரிந்த பாவாடை அவருக்குப் போடாதீர்கள், அது 1850களின் பாணி. அவர் காலத்து உடை மார்புக்குக் கீழேயே இடுப்பு வைத்து நேராக விழும் வெள்ளை மஸ்லின், தைக்கவும் சுலபம்.

ஆங்கிலேய வீரர்கள் வேண்டுமென்றால் 69ஆம் ரெஜிமென்ட், சிவப்புக் கோட்டில் பச்சைக் காலர், கை முனையில் பச்சைப் பட்டி. எப்படியும் ஜூலை இரவைக் காட்டியே தீர வேண்டும் என்றால் அவர்களில் பலர் படுக்கையில் கிடந்தபோதே தாக்கப்பட்டார்கள் என்பதை மறக்க வேண்டாம், வெள்ளைத் தொளதொளச் சட்டைதான் சரியான உடை, முழுச் சீருடை தப்பு. கேள்வி நேரத்தில் "தொப்பிக்காகவா இவ்வளவு?" என்று யாராவது கேட்டால், கோட்டையில் திப்புவின் பிள்ளைகள் சிறைவைக்கப்பட்டிருந்ததையும் அன்று மைசூரின் புலிவரிக் கொடி ஏறியதையும் சொல்ல ஒரு மாணவனைத் தயாராக வையுங்கள், உடை மட்டுமே காரணம் என்று விட்டுவிடக்கூடாது.

கோட்டைக்குள்ளேயே நடத்த ஆசைப்பட்டால், அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், எழுத்துபூர்வ அனுமதி வாங்க வேண்டும். மரத் துப்பாக்கி என்பதையும் அதே மனுவில் எழுதிவிடுங்கள், மே மாதத்துக்குள் கொடுத்தால் நல்லது.